வலது பக்கத்து சீட்டு

தம்பி, ஒரு நிமிசம். ஜன்னலோரம் எனக்குக் குடுத்துட்டு நீங்க இந்தப் பக்கம் வந்துக்கறீங்களா? கோவிச்சுக்காதீங்க. காத்துக்காக இல்லீங்க, ஊட்டுல உத்தரவு. ஏழு மணி பஸ்ஸு, வலது பக்கம் ஜன்னலோரம், தோள்ல செவப்புத் துண்டு. மூணையும் ரெண்டு தடவ சொல்லி அனுப்பிச்சா. எதுக்கு அம்மணின்னு கேட்டா, சொன்னதச் செய்யுங்கன்னுட்டா. சரின்னு கெளம்பிட்டேன். போன வருசத்துல இருந்து நான் எதுத்துப் பேசறதில்லீங்க.

கால அப்படி நீட்டிக்கங்க, பரவால்ல. அந்தச் சீட்டு மேல மட்டும் படாம பாத்துக்கங்க. ஆமாங்க, காருச் சீட்டுதான். கண்டக்டர் தம்பி பல்லு டாக்டர் சேரான்னு கேட்டாப்டி. லக்கேஜு டிக்கெட்டுப் போட்டுக் குடுத்துட்டாப்டி, அதனால ஒண்ணும் பிரச்சனையில்ல. நீங்க எதுவரைக்கும்? கரூரா? அப்ப நேரம் கெடக்குது. நான் வெள்ளகோயில் தாண்டி எறங்கிக்குவேன்.

நான் குழந்தைவேலுங்க. சிங்காநல்லூர்ல பவுண்டரி வெச்சிருக்கறேன். பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊத்தறது. முப்பது வருசமா வர்றவங்ககிட்ட எல்லாம் ஒரே பேச்சுத்தான், தூக்கிப் பாருங்க, எடையப் பாருங்க, இந்த எடை வேற எவன் குடுக்கறான்னு. எடைய வெச்சுப் பொழச்சவன் நான். அப்படிப்பட்டவன் போன வருசம் பூராவும் எடையக் கொறைக்கறேன்னு அலஞ்சேன் பாருங்க, அதத்தான் சொல்ல வர்றேன்.

எங்ககிட்ட ஒரு அமெரிக்கா வண்டி இருக்குதுங்க. அறுபத்தொம்பது மாடல். எட்டு சிலிண்டர். ரெண்டு கதவுதான், ஆனா ஒவ்வொரு கதவும் நம்ம ஊரு பீரோ சைசு. எங்க மாமனார் சென்னியப்பன் வாங்குனது. ஏதோ அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பறப்ப வித்துட்டுப் போனானாமா. அவருக்கு வசந்தாமணி ஒரே பொண்ணு. கல்யாணத்தப்ப பொண்ணையும் குடுத்து வண்டியையும் குடுத்தாரு. நான் வண்டியத்தான் மொதல்ல சுத்திப் பாத்தேன்னு அவ இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. பொய்யில்லீங்க. பாக்கறாப்புல அப்படி நின்னுச்சு.

ஒரு விசயம் கவனிக்கோணும். அமெரிக்கா வண்டிக்கு ஸ்டீரிங் இடது பக்கம். நம்ம ரோட்டுல இடது பக்கம் உக்காந்து ஓட்டுனா, முன்னாடி ஒரு லாரி போச்சுன்னா அவ்வளவுதான், எதுக்க வர்றது ஒண்ணும் தெரியாது. லாரியோட பின்பக்கந்தான் தெரியும். அதனால வலது பக்கம் உக்காந்திருக்கறவங்கதான் எட்டிப் பாத்துச் சொல்லோணும். இருபத்தேழு வருசமா வசந்தாமணிதான் சொல்லுவா. "இருங்க, இருங்க, லாரி வருது. ஒரு பைக்கு, அவன் போகட்டும். இப்பப் போங்க. போங்க, போங்க, போயிருங்க." இப்படியேதான். கோயமுத்தூர்ல இருந்து பழனி போய்த் திரும்பறவரைக்கும் இதே பாட்டு. காதுகிட்ட ரேடியோ வெச்ச மாதிரி இருக்கும் எனக்கு. உன்ற வாய மட்டும் கழட்டி ஊட்டுல வெச்சுட்டு வந்தா வண்டி பத்துக் கிலோ கொறையும்னு சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பா. சிரிச்சான்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.

போன வருசம் மாசி மாசம் பேரனுக்குக் காது குத்து. அங்கதான் ஆரம்பிச்சது. எங்க சம்பந்தி பொன்னுரங்கம்னு பேரு, திருப்பூர்ல பனியன் கம்பெனி. நல்ல மனுசன், என்ன, வாய் கொஞ்சம் நீளம். அவர்கிட்டயும் ஒரு பழைய வண்டி, ஜெர்மன்காரன் வண்டி, குருவி மாதிரி இருக்கும். பந்தியில எனக்குப் பக்கத்துல உக்காந்து, "உங்க வண்டி நல்ல வண்டிதானுங்க சம்பந்தி, நெல்லு மூட்டை ஏத்தறதுக்கு ஆகும்"ங்கறாரு. எல போட்டிருக்குது, சுத்தியும் சொந்தக்காரங்க, பொண்ணக் குடுத்த எடம். நான் ஜாங்கிரியப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

அவரே சொன்னாரு. வெள்ளகோயில் பக்கம் ஒரு காலேஜ்காரங்க விமானப் படிப்பு ஆரம்பிக்கறோம்னு ஓடுபாதை போட்டாங்க. விமானம் வரல, ஆடுதான் மேஞ்சுட்டிருந்துச்சு. இப்ப அதுல வருசத்துக்கு ஒருக்கா பழைய வண்டிகளுக்குப் போட்டி வெக்கறாங்க. கால் மைல் தூரம், நேரா ஓட்டோணும், அவ்வளவுதான். ஐப்பசியில நடக்குது, நீங்களும் வாங்க சம்பந்தின்னாரு. வர்றேனுங்கன்னுட்டேன். வாய்ல ஜாங்கிரி இருந்துச்சு, ஆனா தெளிவாத்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே டிங்கர் சுபான் பாயக் கூப்புட்டேன். அவரு வண்டியச் சுத்தி வந்து தட்டிப் பாத்துட்டு, "இஞ்சின்ல கை வெக்க வேண்டாம் மொதலாளி, அது யானை பலம். யானை முதுகுல இருக்கற மூட்டைய எறக்குனாப் போதும்"னாரு. எனக்கு அது புடிச்சுப் போச்சு. பவுண்டரிக்குப் பக்கத்துலயே லாரி எடைபோடற மேடை இருக்குது. பாக்கியம்னு ஒரு அம்மா உள்ள உக்காந்து எடை பாத்து ரசீது குடுக்கும். மொத நாள் நான் உக்காந்தபடியே மேடை மேல ஏத்துனேன். ஆயிரத்து எண்ணூத்திப் பத்துக் கிலோ.

அன்னியில இருந்து ஞாயித்துக்கிழமைன்னா இதே வேலை. பின் சீட்ட எறக்குனோம். ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் எறக்குனோம். முன்னால ஒரு பம்பர், பின்னால ஒரு பம்பர், ஒண்ணொண்ணுக்கும் நாலு ஆளு வேணும். கால் மிதியடிக்குக் கீழ தார் அட்டை ஒட்டியிருந்தான் வெள்ளைக்காரன், சத்தம் வரக்கூடாதுன்னு. அத உளி வெச்சுச் சொரண்டி எடுத்தோம், ஒரு சாக்கு வந்துச்சு. பானெட்ட எறக்கிட்டு, பார்க்குல சறுக்குமரம் செஞ்சு போடற ஃபைபர்காரன்கிட்டக் குடுத்து அதே அச்சுல ஒண்ணு செஞ்சு வாங்குனேன். கண்ணாடியெல்லாம் எடுத்துட்டோம், முன் கண்ணாடி மட்டும் விட்டோம். கதவுக்குள்ள கண்ணாடி ஏத்தி எறக்கற மிசினு இருக்குதுல்ல, அதையும் உருவியாச்சு. இஞ்சினுக்கு மேல உக்கார்ற வார்ப்பு ஒண்ணு, இரும்பு, இருபத்தஞ்சு கிலோ. அத எங்க பவுண்டரியிலயே அலுமினியத்துல ஊத்துனேன். மூணு தடவ ஓட்டை விழுந்துச்சு, நாலாவது தடவ நின்னுச்சு. எட்டுக் கிலோ. கையில தூக்கிட்டு ஊட்டுக்குள்ள ஓடுனேன். வசந்தா, பாருன்னேன். தோசைத் திருப்பியோட வந்து பாத்துட்டு, நல்லாருக்குதுங்கன்னா.

டேஷ்போர்டு மேல எங்க மாமனார் ஒட்டி வெச்ச பித்தளை முருகர் ஒண்ணு இருக்குது. கால் கிலோ இருக்கும். சுபான் பாய் அதக் காட்டிக் கேட்டாரு. அதத் தொடாதீங்கன்னுட்டேன். ஒரு நம்பிக்கை வேணும் இல்லீங்களா?

ஒவ்வொரு வாட்டியும் எறக்கின ஒடனே எடைமேடைக்குப் போவேன். பக்கத்துலயே ஒரு பேக்கரி. எடை கொறஞ்ச சந்தோசத்துல ஒரு தேங்கா பன், ஒரு டீ. ரெண்டு பன்னுன்னே வெச்சுக்கங்களேன். ஒரு நாளு பேட்டரிய மாத்தி, சின்னதா ஒண்ணு போட்டு, பத்துக் கிலோ கொறச்சுட்டுப் போனேன். ரசீதுல பழைய எடையேதான் நிக்குது. உங்க மேடை கெட்டுப் போச்சும்மான்னேன். பாக்கியம் கண்ணாடிக்குப் பின்னால இருந்து என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "வண்டி கொறையுதுங்க. நீங்க எறங்கி நின்னீங்கன்னா இன்னும் கொறையும்"னுச்சு. நான் எறங்கிட்டா வண்டிய யாருங்க ஓட்டறதுன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானுங்க?

ஆவணி கடைசி. எல்லாம் எறக்கியாச்சு, இன்னும் ஒரு பதினெட்டு இருபது கிலோ கொறஞ்சாத் தேவலைன்னு இருந்துச்சு. வண்டிக்குள்ள பாத்தேன். ரெண்டு சீட்டு, ஒரு முருகர். அவ்வளவுதான் மிச்சம். சுபான் பாய்கிட்ட ஸ்பேனர வாங்கி நானே கழட்டுனேன். நாலே போல்ட்டு. சீட்டத் தூக்கிக் கீழ வெச்சுட்டு நிமுந்தா, வசந்தாமணி டிபன் தூக்கோட நிக்கறா. சீட்டப் பாத்தா. வண்டியப் பாத்தா. அப்பறம், "நான் எங்கீங்க உக்கார்றது?"ன்னு கேட்டா.

நான் சொன்னேன், போட்டிக்குத்தானே அம்மணி, நீ பஸ்ஸுல வந்துரு, பஸ்ஸு வசதியா இருக்கும்னு. அவ தூக்க பெஞ்சு மேல வெச்சுட்டுப் போயிட்டா. சுபான் பாய் அன்னிக்குச் சாப்பிடாமயே கெளம்பிட்டாரு. நோம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு அப்பப் புரியல. ரெண்டு பேரு சாப்பாட்டையும் நானே சாப்பிட்டுட்டு எடைமேடைக்குப் போனேன். ஆயிரத்து ஐநூத்தி நாப்பது. பாக்கியம் ரசீதக் குடுத்துட்டு, இனி கழட்டறதுக்கு என்னங்க இருக்குதுன்னு கேட்டுச்சு.

போட்டி நாள். காத்தால எட்டு மணிக்குக் கெளம்பிட்டேன். பதினொரு மணிக்குத்தான் எங்க வரிசை. பல்லடம் வரைக்கும் பறந்தேன் தம்பி. லேசாயிருச்சுல்ல, மிதிச்சாப் போதும், முருகரே ஒருக்கா ஆடிட்டாரு. பல்லடம் தாண்டி ரெண்டு வழி ரோடு ஆச்சு. முன்னால ஒரு தேங்கா மட்டை லாரி. லாரின்னா, லாரிய விட ரெண்டு மடங்கு அகலத்துக்கு மட்டை கட்டியிருக்கறான். நான் இடது பக்கம் உக்காந்திருக்கறேன். மட்டைதான் தெரியுது, வேற ஒண்ணும் தெரியல. மூக்க வெளிய நீட்டுனா எதுக்க ஒருத்தன் ஆரன் அடிச்சுட்டு வர்றான். உள்ள இழுத்துக்குவேன். மறுபடியும் நீட்டுவேன். மறுபடியும் ஒருத்தன். ஒரு தடவ என்னையறியாம வலது பக்கம் திரும்பி, என்ன அம்மணி, வருதான்னு கேட்டுட்டேன். அங்க நாலு ஓட்டைதான் இருக்குது.

எட்டு சிலிண்டரு, இருநூத்திச் சொச்சம் கிலோ எறக்குன வண்டி, மாட்டு வண்டி கணக்கா ஊர்ந்துட்டுப் போவுது. இஞ்சின் சூடாகி ஆவி பறந்துச்சு. ஓரங்கட்டித் தண்ணி ஊத்தி ஆற வெச்சு எடுத்தேன். முக்கா மணி நேரம் போச்சு. மறுபடி ரோட்டுக்கு வந்தா, அதே லாரி டீ குடிக்க நிறுத்தி இருந்து எனக்கு முன்னால வந்து ஏறுறான். விதிதானுங்க. அப்பத்தான் பின்னால ஒரு பஸ்ஸு வந்து, ஆரன் அடிச்சு, என்னையும் மட்டையையும் சேத்து ஒரே தாவா தாண்டிப் போச்சு. ஜன்னலோரம் வசந்தாமணி. மடியில சோத்து மூட்டை. என்னையப் பாத்தா. நானும் பாத்தேன். கையக் கூட ஆட்டிக்கல ரெண்டு பேரும்.

நான் போய்ச் சேர்றப்ப மணி பன்னெண்டு. எங்க வரிசை முடிஞ்சு, சம்பந்தி கையில கோப்பை. "என்னங்க சம்பந்தி, ரொம்ப லேசாக்கிட்டீங்களா? காத்து எங்கயாச்சும் தூக்கிட்டுப் போயிருச்சோன்னு பயந்துட்டோம்"ங்கறாரு. எல்லாருஞ் சிரிக்கறாங்க. மட்டை லாரிக்காரன் மேல எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. இன்னிக்கும் சொல்றேன், தப்பு அவன் பேர்லதான்.

மத்தியானத்துக்கு மேல விருப்பப்பட்டவங்க சும்மா ஓட்டிப் பாக்கலாம், நேரம் மட்டும் குறிச்சுச் சொல்லுவோம்னாங்க. நான் ஓட்டுனேன். பதினாறரை செகண்டு. சம்பந்தி காத்தால எடுத்தது பதினாறு புள்ளி மூணு. போச்சுடான்னு எறங்கி நிக்கறேன், வசந்தாமணி வந்து, "நானும் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. உனக்கு இது ஓட்டத் தெரியுமான்னேன். "எங்கப்பா வண்டிதானுங்களே. பதினேழு வயசுல மில்லு ரோட்டுல ஓட்டுனது"ங்கறா. இருபத்தேழு வருசத்துல அவ சொன்னதேயில்ல. நானும் கேட்டதில்ல.

சேலைய இழுத்துச் சொருகிட்டு, ஹெல்மெட்டப் போட்டுட்டு, முருகரத் தொட்டுக் கும்புட்டுட்டு ஏறுனா. கொடிய எறக்குனாங்க. நான் ஓட்டறப்ப டயர் ஒரே எடத்துல சுத்திப் பொகைஞ்சுச்சு, அதுதான் வேகம்னு நான் நெனச்சுட்டிருக்கறேன். அவ ஓட்டறப்பப் பொகையே இல்ல. சத்தமில்லாம கெளம்பி, அப்படியே நேரா போயிட்டா. பதினாறு புள்ளி ஒண்ணு.

இஞ்சின் அப்பத்தான் பதத்துக்கு வந்திருந்துச்சு, அதான் காரணம்னு நான் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். அவ எடை அம்பத்தெட்டு, என்ற எடை தொண்ணூத்தெட்டு, அதுவும் ஒரு காரணம்னு சம்பந்தி எடுத்துச் சொன்னாரு. அவருகிட்ட யாரு கேட்டது?

அன்னிக்குச் சாயங்காலம் வண்டிய எடுத்துட்டுத் திரும்பறப்ப நான் தனியாத்தான் வந்தேன். அவ பஸ்ஸுல வந்தா. ஊட்டுக்கு வந்து எனக்குச் சோத்தப் போட்டு வெச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. சண்டை போட்டிருந்தாத் தேவலை. பவுண்டரியில ஒரு மூலையில அந்தச் சீட்டு கெடந்துச்சு. ஒரு நாளு யாரும் இல்லாதப்ப அதுல உக்காந்து பாத்தேன். அவ உக்காந்து உக்காந்து ஒரு குழி விழுந்திருக்குது, எனக்கு அதுல பொருந்தல. வலது கை வெக்கற எடத்துல ரெக்சின் தேஞ்சு போயிருந்துச்சு. எட்டிப் பாக்கறப்ப அங்கதான் ஊணியிருப்பா போல. எனக்கு வெக்கமாப் போச்சு தம்பி. அம்பத்தஞ்சு வயசுல, பவுண்டரிக்குள்ள, தனியா உக்காந்து வெக்கப்பட்டேன்.

இந்த வருசம் போட்டிக்கு அவ பேருதான் குடுத்திருக்குது. நான் மெக்கானிக்குனு எழுதியிருக்கறாங்க. மெக்கானிக்குனா அழுக்குத் துணி புடிக்கறதுதான். போன வாரம் மெதுவாக் கேட்டேன், சீட்ட மாட்டிட்டு ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாமா, அங்க போய் எறக்கிக்கலாம்னு. "வேண்டாங்க. பதினெட்டுக் கிலோ. நீங்கதானே சொன்னீங்க. பஸ்ஸு வசதியா இருக்கும்"னா. அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறல. மனசுல வெச்சிருந்திருக்கறா ஒரு வருசமா.

சரின்னு பஸ்ஸு ஏறுனேன். சீட்ட எடுத்துட்டு வந்தது அவளுக்குத் தெரியாது. போட்டி முடியட்டும், செயிக்கட்டும் தோக்கட்டும், திரும்பி வர்றப்ப மாட்டிக்கலாமான்னு ஒருக்காக் கேக்கலாம்னுதான். வேண்டாம்னுட்டா இதே சீட்டோட திரும்பி பஸ்ஸு ஏறோணும். கண்டக்டர் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு இப்பவே யோசனையா இருக்குது.

இருங்க. சத்தம் கேக்குதுங்களா? பஸ்ஸு சத்தம் இல்லீங்க, அதுக்குப் பின்னால. அது எட்டு சிலிண்டரு. இருங்க, தலைய நீட்டிப் பாக்கறேன். அவதான் தம்பி. எனக்கப்பறம் கெளம்பினவ, அதுக்குள்ள வந்துட்டா பாருங்க. இனி இந்த பஸ்ஸத் தாண்டோணும். மூக்க நீட்டறா. இழுத்துக்கறா. மறுபடி நீட்டறா. எப்படித் தெரியும் அவளுக்கு? பஸ்ஸோட முதுகுதான் தெரியும். வலது பக்கம் ஆள் இல்லையே.

எனக்கு இங்கிருந்து எல்லாம் தெரியுது தம்பி. வெள்ளகோயில் வளைவு வரைக்கும் தெரியுது.

அடடா. வலது பக்கம் ஜன்னலோரம். செவப்புத் துண்டு.

கொஞ்சம் தள்ளிக்கங்க, கைய நீட்டறேன். துண்ட இப்படி மேல புடிச்சா நில்லுன்னு அர்த்தம், அவளுக்குப் புரியும். இரு வசந்தா, இரு, இரு. லாரி வருது. ஒரு பைக்கு, அவன் போகட்டும். இரு அம்மணி, என்ன அவசரம். இப்ப வா. வா, வா. வந்துரு.

வந்துட்டா. பாருங்க, நம்ம ஜன்னலுக்கு நேரா வந்துட்டா. ஸ்டீரிங் இந்தப் பக்கந்தானே, கையெட்டற தூரம். கண்ணாடியுங் கெடையாது. என்னமோ கேக்கறா. என்ன? என்ன அம்மணி?

போயிட்டா.

என்ன கேட்டா, உங்க காதுலயும் விழுந்துச்சுங்களா? எனக்கும் அப்படித்தான் விழுந்துச்சு. போல்ட்ட மறக்காம எடுத்துட்டு வந்தீங்களான்னு கேக்கறா. சீட்டப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க தம்பி.

இருக்குது அம்மணி, சட்டப் பையிலதான் இருக்குது. இந்தாங்க தம்பி, நீங்களே எண்ணிப் பாருங்க. நாலும் இருக்குது.